மூன்று, ஏழு, பதினொன்று

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். மின்சார மீட்டரைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதினேன். இருபத்திரண்டு வருடங்களாக என் நாளின் முதல் வேலை அதுதான். முந்தைய நாள் ஐந்து யூனிட் ஓடியிருந்தது. மாடித் தொட்டிக்குப் பதினெட்டு நிமிடம் தண்ணீர் ஏற்றினேன். பால் காய்ச்சினேன். கணவருடைய ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். இட்லி, வெங்காயச் சட்னி. 8.05க்குத் தருமபுரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். பையில் இரண்டு டெஸ்ட் லேம்ப், ஒரு பூதக்கண்ணாடி, படிவங்கள், நீல மைப் பேனா இரண்டு, சிவப்பு ஒன்று.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்பயிற்சி நிலையங்கள் தங்கள் பயிற்சியாளர்களுக்குத் தாங்களே செய்முறைத் தேர்வு வைத்து மதிப்பெண் போடுகின்றன. அந்த மதிப்பெண் நியாயமானதுதானா என்று வெளியிலிருந்து போய்ப் பார்ப்பவள் நான். எல்லோரையும் மறுபடி சோதிக்க நேரம் இருக்காது. ஒரு பிரிவில் சிலரை மட்டும் மாதிரிக்கு எடுத்து, அவர்கள் செய்த வேலையைப் பார்த்து, வேண்டுமானால் திரும்பச் செய்யச் சொல்லி, போட்ட மதிப்பெண்ணோடு ஒப்பிடுவேன். ஒத்துப்போனால் கையெழுத்திடுவேன். என் கையெழுத்துக்குப் பிறகுதான் பாண்டித் தலைமை அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வரும். அதற்கு முன் பதினான்கு வருடம் நானே வயரிங் பிரிவில் பயிற்றுநராக இருந்தவள்.

யாரை மாதிரிக்கு எடுப்பது என்பதில் எனக்கு ஒரு முறை இருந்தது. பதிவேட்டு வரிசை எண்ணில் மூன்றில் தொடங்கி நான்கு நான்காகக் கூட்டிக்கொண்டு போவேன். மூன்று, ஏழு, பதினொன்று, பதினைந்து, பத்தொன்பது, இருபத்துமூன்று, இருபத்தேழு. இருபத்தெட்டு பேர் கொண்ட பிரிவில் சரியாக ஏழு பேர் வருவார்கள். இதற்குக் காரணம் உண்டு. வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு நிலையத்தில், முகத்தைப் பார்த்து ஆளைப் பொறுக்குகிறேன், சாதி பார்த்துப் பொறுக்குகிறேன் என்று பேச்சு வந்தது. மேலே புகாரும் போனது. விசாரணையில் ஒன்றும் இல்லை என்று முடிந்தாலும் எனக்கு அது பெரிய அவமானம். அதற்குப் பிறகு எண்ணை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். எண்ணுக்கு முகம் கிடையாது. பதினோரு வருடம் ஒரு முறைகூட மாற்றவில்லை. அதை என் நேர்மை என்றே நினைத்திருந்தேன்.

அன்று போனது திருநள்ளாறு சாலையில் உள்ள ஒரு தனியார் நிலையம். 8.30க்குப் போய்ச் சேர்ந்தேன். வயரிங் பிரிவின் பயிற்றுநர் வாசலுக்கே வந்தார். நாற்பத்து நான்கு வயது. ஞாயிறு பூசை தவறாதவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். பிரிவின் செய்முறைத் தேர்வை ஜூலை மாதம் இரண்டு நாளில் வைத்து மதிப்பெண் போட்டவரும் அவரே.

"வாங்க மேடம். டீ சொல்லவா?"

"முதல்ல பதிவேட்டப் பாத்துர்றேன் சார். டீ அப்புறம்."

"நீங்க இதைத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும்" என்று சிரித்தார்.

பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன. இருபத்தெட்டு பேருக்கும் மதிப்பெண் பட்டியல், புகைப்படம், கையெழுத்து. 9.20க்கு முடித்துக் கை கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனேன். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளர்கள் இருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"என்ன மாப்ள, சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிட்டு வந்திருக்க? பொண்ணு பாக்க வராங்களா?"

"வெறுப்பேத்தாதடா. நான் பதினொண்ணு. நேத்து ராத்திரி பூரா மெகர் ஓட்டுற மாதிரியே கனவு."

"நான் பன்னெண்டுப்பா. பந்தியில உக்காந்து சாப்புட்டுட்டு எந்திரிச்சுப் போக வேண்டியதுதான். அந்தம்மா என்னைத் திரும்பிக்கூடப் பாக்காது."

குழாயை மூடாமல் நின்றேன். அன்று எந்த எண்களை எடுக்கப்போகிறேன் என்று நான் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தாள் மடித்தபடி என் பையில் இருந்தது.

பட்டறைக்குத் திரும்பினேன். பயிற்றுநர் மெகரை எடுப்பதற்காக இரும்பு பீரோவைத் திறந்தார். கம்பிகளுக்குள் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. அந்த நிலையத்தில் ஒன்றே ஒன்றுதான். பீரோக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 3, 7, 11, 15, 19, 23, 27. வேறு எதுவும் எழுதவில்லை. தாள் கிழியாமல் இருக்க லேமினேட் செய்திருந்தார்கள்.

அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். கதவைச் சாத்தவில்லை.

"ஒரு சில்வர் டம்ளர் குடுங்க சார்" என்றேன்.

என் தாளை எடுக்கவில்லை. மீதி இருபத்தோரு எண்களையும் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, டம்ளரில் போட்டு, அலுவலக உதவியாளர் அம்மாவை ஏழு சீட்டு எடுக்கச் சொன்னேன். 2, 5, 12, 14, 20, 22, 28. அயர்ன் சட்டைக்காரர் பன்னிரண்டைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு தரையைப் பார்த்தார்.

நான் வைத்த சோதனை பாடத்திட்டத்தில் உள்ளதுதான். ஒரு சுவிட்ச் போர்டில் பிளக் பாயிண்டைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும். அந்த போர்டின் மெயினை நிறுத்திவிட்டாலும் கை வைப்பதற்கு முன் மின்சாரம் இல்லை என்று டெஸ்ட் லேம்பால் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் லேம்ப் எரிகிறதா என்று மின்சாரம் உள்ள இன்னொரு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பல்பு பீஸ் போயிருந்தால் மின்சாரம் இருக்கும் இடத்திலும் அது எரியாது. எரியவில்லை என்று நம்பிக் கை வைப்பவர் போய்விடுவார். இதற்குப் பத்து மதிப்பெண். பட்டியலில் இருபத்தெட்டு பேருக்கும் எட்டோ ஒன்பதோ போட்டிருந்தது.

அந்த போர்டுக்கான பீஸ் கட்டையை நானே பிடுங்கி என் இடது கையில் வைத்துக்கொண்டேன். யாருக்கும் எந்த ஆபத்தும் வரக்கூடாது. அது பயிற்றுநரைத் தவிர யாருக்கும் தெரியாது. டெஸ்ட் லேம்பில் பீஸ் போன பல்பை மாட்டி மேசையில் வைத்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

இரண்டாம் எண்காரர் லேம்பை போர்டில் வைத்தார். எரியவில்லை. "சப்ளை இல்ல மேடம்" என்றார். கை வைத்தார். ஐந்தாம் எண்காரரும் அப்படியே. பன்னிரண்டு லேம்பைத் தொடவே இல்லை, நேராக ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பதினான்கு, லேம்பின் இரண்டு கம்பிகளில் எதை எங்கே வைப்பது என்று கேட்டார். ஒவ்வொரு கை போர்டுக்குள் போகும்போதும் என் உள்ளங்கையில் இருந்த பீஸ் கட்டையை இறுக்கிப் பிடித்தேன். பீங்கான் விளிம்பு பதிந்து தோல் சிவந்துவிட்டது.

"தேர்வுல இதைச் செஞ்சீங்களா?" என்று பதினான்கிடம் கேட்டேன்.

அவர் பயிற்றுநரைப் பார்த்தார். "போர்டு செஞ்சோம் மேடம். இந்த லேம்ப் வேலை எங்களுக்கு வைக்கல. அந்த ஏழு பேருக்குத்தான்."

அடுத்தது இருபது. குரும்பகரத்துக்காரப் பெண். வயது முப்பத்தேழு. பிரிவில் இருந்த ஒரே பெண் அவர்தான். புடவை மேல் காக்கிச் சட்டை போட்டு, ரப்பர் செருப்பு அணிந்திருந்தார். லேம்பை எடுத்தார். போர்டுக்குப் போகவில்லை. சுவரோரம் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த பிளக்கில் மின்விசிறியைப் பிடுங்கிவிட்டு அங்கே வைத்தார். எரியவில்லை. பல்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"பல்பு போச்சு மேடம். இத நம்பி நான் கை வைக்க மாட்டேன். வேற குடுங்க."

என் பையிலிருந்து நல்ல லேம்பைக் கொடுத்தேன். ஓடும் பிளக்கில் வைத்தார், எரிந்தது. போர்டில் வைத்தார், எரியவில்லை. திரும்பப் போய் ஓடும் பிளக்கில் மறுபடி வைத்தார், எரிந்தது. அப்புறம்தான் வேலையைத் தொடங்கினார். பதினோரு நிமிடத்தில் முடித்தார். நான் பயிற்றுநராக இருந்த காலத்தில்கூட அந்த மூன்றாவது சோதனையைச் சொல்லாமல் செய்தவர்கள் மிகக் குறைவு.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க வயல் மோட்டார் கொட்டாயில மேடம். ஆளு கூப்புட்டா ரெண்டு நாள் ஆவும். நாத்து காய்ஞ்சிரும். நானே பாத்துப் பாத்துச் செய்வேன். ஒரு தரம் சுளீர்னு வாங்குனேன். அதுக்கப்புறம் மூணு தடவ பாக்காம தொட மாட்டேன்."

இருபத்திரண்டும் இருபத்தெட்டும் முன்னவர்களைப் போலவே கை வைத்தார்கள். மதியம் 12.40. ஏழு பேரில் ஆறு பேர், மின்சாரம் இருந்திருந்தால், விழுந்திருப்பார்கள்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். "ஏன் சார்?"

அவர் மறைக்கவில்லை. "ஒரே ஒரு மெகர் மேடம். ஆளும் நான் ஒருத்தன்தான். ரெண்டே நாள்ல இருபத்தெட்டு பேர முடிங்கறாங்க. ஒரு ஆளுக்கு முழுசா வெச்சா ஒண்ணேகால் மணி நேரம் ஆவுது. நீங்களே கணக்குப் போடுங்க. நீங்க எதைப் பாப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதை ஒழுங்கா செஞ்சேன். மத்தவங்களுக்கு போர்டப் பாத்து மார்க் போட்டேன்."

"பீரோவுல இருக்கற தாள்?"

"நான் வரும்போதே இருந்துச்சு. பழைய வாத்தியார் ஒட்டினது. நான் லேமினேட் மட்டும்தான் பண்ணேன்." பிறகு, "இங்க மட்டும் இல்ல மேடம். நீங்க போற எல்லா எடத்துலயும் தெரியும். மொத மாசத்துல நல்லா செய்றவனாப் பாத்து அந்த நம்பரக் குடுப்போம்" என்றார்.

"இருபது நல்லாத்தான செய்றாங்க? அவங்களுக்கு ஏன் குடுக்கல?"

"பொம்பள. உங்க முன்னாடி நின்னா கை நடுங்கிரும்னு நெனச்சேன்."

விதி எனக்கு மனப்பாடம். மாதிரியில் மதிப்பெண் பொய் என்று தெரிந்தால் அதைப் போட்ட பயிற்றுநரின் எல்லா மதிப்பெண்ணும் செல்லாது. பிரிவு முழுவதும் வேறு மதிப்பீட்டாளரிடம் மறுபடி செய்முறைத் தேர்வுக்கு வர வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் ஆகும். ஒருவருக்கு மட்டும் விலக்குத் தர வழியில்லை.

"கையெழுத்துப் போட்டுருங்க மேடம்" என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு வாரம் குடுங்க. மாதா மேல சத்தியமா ஒவ்வொருத்தரா நிக்க வெச்சு சொல்லிக் குடுத்துர்றேன். யாருக்கும் ஒண்ணும் ஆவாது. எழுதுனீங்கன்னா என் வேலை போவும், அது கெடக்கட்டும். உங்களையும் சும்மா விட மாட்டாங்க. பதினோரு வருஷமா ஒரே நம்பரப் பாத்தது யாருன்னு கேப்பாங்க."

நான் அதை யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். நாற்காலியில் உட்கார்ந்து நான்கு நிமிடம் யோசித்தேன். சுவர்க் கடிகாரம் எதிரே இருந்தது.

அப்போது இருபதாம் எண் பெண் கதவருகே வந்து நின்றார். வெளியே விஷயம் பரவிவிட்டது போலிருக்கிறது.

"மேடம், ரிசல்ட்ட நிறுத்தப்போறீங்கன்னு சொல்றாங்க."

"ஆமாம்மா."

"எனக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதிலிருந்து கடிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். ஒரு கல்லூரி விடுதியில் மின் பராமரிப்பு வேலை. ஆகஸ்ட் 21க்குள் அசல் சான்றிதழோடு சேர வேண்டும். வயது முப்பத்தெட்டு நிறையாதவராக இருக்க வேண்டும்.

"செப்டம்பர் பதினொண்ணோட எனக்கு முப்பத்தெட்டு முடியுதுங்க. இது போனா இனிமே எங்கயும் எடுக்க மாட்டாங்க. நாலு வருஷமா எழுதிப் போட்டு வந்த மொத ஆர்டர் மேடம் இது."

"ரெண்டு மாசத்துல திரும்பத் தேர்வு வைப்பாங்க. நீங்க கண்டிப்பா..."

"ரெண்டு மாசத்துல எனக்கு வயசு கொறையுமா?"

அவர் கடிதத்தில் இருந்த தேதியின் மேல் விரலை வைத்தார்.

"நான் சரியா செஞ்சேன்ல மேடம்? நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். நீங்க ஒருத்தர்தான் சரியா செஞ்சீங்க."

"அப்ப எனக்கு மட்டும் எழுதிக் குடுங்க."

"என் எழுத்து சான்றிதழ் ஆவாதும்மா. பாண்டியில ஒத்துக்க மாட்டாங்க. உங்க மார்க்கும் இவரு போட்டதுதான். உங்களையும் இவரு சோதிக்கவே இல்லயே."

அவர் கடிதத்தைத் திரும்ப மடித்தார். மடிப்புகள் பழைய இடத்திலேயே விழும்படி மெதுவாக மடித்தார். அழவில்லை. "மூணு, ஏழு, பதினொண்ணுன்னு நீங்க பாத்துட்டே போனீங்க. இவரு அதைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நடுவுல நான் எங்க இருக்கேன்னு ரெண்டு பேருக்கும் தெரியல" என்றார். பிறகு, "நான் சரியா செஞ்சேன்னாவது அதுல எழுதுவீங்களா?" என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மின்விசிறியைத் திரும்பப் பிளக்கில் சொருகிவிட்டுப் போனார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. முடிவு நிறுத்தப்படுகிறது என்ற கட்டத்தில் குறியிட்டேன். பயிற்றுநர் தன் பெயருக்கு நேரே கையெழுத்திட்டார். 'குறைபாட்டுக்குக் காரணம்' என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டேன். வீட்டில் எழுதிக்கொள்கிறேன் என்றேன். 2.15க்குக் கிளம்பினேன். டீ குடிக்கவில்லை.

மாலை 4.30க்கு நாட்குறிப்புகளை எடுத்தேன். இந்த எண் முறைக்கு வந்த பிறகு எழுதிய பதினொன்றும் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு நிலையம், ஒவ்வொரு பிரிவு, நான் பார்த்த எண்கள் எல்லாம் சிவப்பு மையில். பார்க்காதவர்களைப் பற்றி எதுவுமே இல்லை. அவர்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

ஒரே ஒரு இடம் தவிர. முந்தைய ஆண்டு நவம்பரில் ஒரு பக்கம். சுரக்குடியில் ஒரு மோட்டார் கொட்டகையில் வேலை செய்தபோது வயர்மேன் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்த செய்தியைப் பேப்பரில் படித்திருக்கிறேன். என் நிலையங்கள் ஒன்றில் படித்தவர் என்று கேள்விப்பட்டு, பழைய பதிவேட்டின் நகலைத் தேடி எண்ணைப் பார்த்திருக்கிறேன். அன்று எழுதியது இது: "எண் 16. என் மாதிரியில் இல்லை." இரண்டாவது வாக்கியத்தின் கீழ் அடிக்கோடு போட்டிருந்தேன், ஸ்கேல் வைத்து. அன்று எனக்கு எப்படி இருந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. நிம்மதியாக இருந்தது. அன்று இரவு வழக்கம்போல் தூங்கினேன். அதையும் எழுதியிருந்தேன்: "10.10க்குப் படுத்தேன்."

அவர் கையில் டெஸ்ட் லேம்ப் இருந்ததா, இருந்தால் அதை முதலில் எரியவிட்டுப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு அந்தப் பாடம் வைக்கப்பட்டதா என்றும் தெரியாது. அவருடைய சான்றிதழ் என் கையெழுத்தில் போனது என்பது மட்டும் தெரியும்.

கணவர் ஏழு மணிக்கு வந்து, "ஏன் லைட் போடாம உக்காந்திருக்க?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். "உன் பேரையும் எழுதப்போறியா?" என்றார். தெரியவில்லை என்றேன். "அந்தப் பொண்ணுக்கு அதனால வேல கெடைக்குமா?" என்றார். கிடைக்காது என்றேன். அவர் சுவிட்சைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார்.

ஆகஸ்ட் 10, வியாழக்கிழமை. 4.50க்கு எழுந்தேன். மீட்டரைப் பார்க்கப் போகவில்லை. முதலில் மேசையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தேன். சரியாகச் செய்தவரைப் பற்றி எழுத அதில் கட்டமே இல்லை. எல்லாக் கட்டமும் குறைகளுக்குத்தான். அதனால் ஓரத்தில் நீல மையில் எழுதினேன்: "எண் 20 சோதனையை முழுமையாகவும் சரியாகவும் செய்தார். லேம்பை மூன்று முறை பார்த்தார்." பிறகு வெறுமையாக விட்டிருந்த காரணக் கட்டத்தில், பயிற்றுநர் பெயருக்கு முன்னால், என் பெயரை எழுதினேன். பதினோரு வருடமாக நான் எடுத்த எண்களை எழுதினேன். நான் போன எல்லா நிலையங்களின் பட்டியலையும், எண் 16 பற்றிய பக்கத்தின் நகலையும் இணைத்தேன். 5.35க்கு எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்துப் பாண்டிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அதன் பிறகு பால் காய்ச்சினேன்.